பழங்காசும் நாணயமும்

நம் இல்லங்களில் திருமணப் பேச்சு எழுந்தவுடன், "எத்தனை சவரன்?" என்ற கேள்வியும் கூடவே எழுந்துவிடுகிறது. அக்கேள்வி எழாத நாளே நன்னாள் என்பது என் கருத்து. அதைப் பிறிதொரு மாதம் எழுதுவேன். சவரன் என்னும் அச்சொல் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. இங்கிலாந்து நாட்டின் 'சாவரின்' என்ற தங்க நாணயமே நம் நாவில் சவரன் ஆயிற்று. ஒரு பவுண்டு மதிப்புடையது ஆதலால் பவுன் எனவும் பெயர் பெற்றது. அதன் எடை 7.98 கிராம். அதனை எட்டுக் கிராமாக நிறைவு செய்துகொண்டு இன்றளவும் தங்கத்தை விலை பேசி வருகிறோம். நாணயம் நம் கடைத்தெருவை விட்டு எப்பொழுதோ அகன்றது. அதன் எடை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

இந்தச் சவரனின் எளிய உடன்பிறப்புகளான பென்னி, ஷில்லிங் முதலிய பழைய ஆங்கிலக் காசுகளைத் தம் மகன் சேர்த்து வருவதாகவும், பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது பண ஆசையை ஊட்டிவிடுமோ என்று அஞ்சுவதாகவும் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். காசுகள் கறுத்துக் கிடப்பதால் அவற்றைப் புளியிட்டுத் துலக்கித் தரலாமா என்றும் கேட்டிருக்கிறார். இரண்டாவது கேள்விக்கு முதலிலேயே விடை கூறிவிடுகிறேன்: அம்மா, தயைகூர்ந்து துலக்காதீர்கள்! காரணத்தைப் பின்னர் விளக்குகிறேன்.

முதற் கேள்விக்கு வருவோம். பேராசைக்காரன் காசைச் சேர்ப்பது அது எதையேனும் வாங்கும் என்பதற்காக. இப்பிள்ளை சேர்க்கும் பென்னியோ எங்கும் எதையும் வாங்காது. 1971 பிப்ரவரி 15 அன்று இங்கிலாந்து பதின்முறை நாணயத்துக்கு மாறிற்று. பழைய பென்னி அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே செல்லாக்காசு ஆயிற்று. (நாம் 1957 ஏப்ரல் முதல் நாளே மாறிவிட்டோம் என்பதைச் சற்றுப் பெருமையுடன் நினைவுகூரலாம்.) அதற்கு முன்னர் அங்கே 12 பென்சு ஒரு ஷில்லிங்; 20 ஷில்லிங் ஒரு பவுண்டு; ஆக 240 பென்சு ஒரு பவுண்டு. ரூபாய், அணா, பைசா எனக் கணக்கிட்ட நம் பாட்டன்மாருக்கு இது பெரிய புதிராகத் தோன்றியிராது. கால் பென்னிக்கு பார்த்திங் என்று பெயர். இரண்டு ஷில்லிங் காசு பிளாரின். இரண்டரை ஷில்லிங் அரைக் கிரவுன். ஐந்து ஷில்லிங் கிரவுன். இவற்றை மனத்தில் கூட்டிக் கழிக்கப் பழகும் சிறுவனுக்குக் கணிதம் கெட்டுப் போகாது.

காசு சேர்ப்பதன் பயன் அதைப் படிப்பதில் இருக்கிறது. வரி பற்றிய வழக்கைத் தம்மிடம் கொண்டுவந்தோரிடம் நம் ஆண்டவரும் ஒரு நாணயத்தைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள உருவத்தையும் எழுத்தையும் குறித்தே முதலில் வினவினார். ஆங்கிலக் காசின் தலைப்பக்கத்தில் அரசரின் முகத்தைச் சுற்றி ஓடும் எழுத்துகள் இலத்தீன் மொழியில் அமைந்தவை. குருமடத்தில் இலத்தீன் பயின்ற எங்களைப் போன்றோர்க்கு அவற்றைக் காண்பது பழைய நண்பரைச் சந்திப்பதை ஒக்கும். 'டி.ஜி.' என்றிருப்பது 'தேயி கிராத்சியா', அதாவது இறையருளால். அடுத்து வரும் 'எஃப்.டி.' என்ற இரண்டு எழுத்துகளில்தான் நம் திருச்சபையின் வரலாறு பெரிதும் அடங்கியிருக்கிறது.

'ஃபிதெயி தெஃபென்சோர்' என்பது அவற்றின் விரிவு. விசுவாசத்தின் காவலர் என்பது பொருள். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி, மார்ட்டின் லூத்தருக்கு மறுப்பாக ஏழு திருவருட்சாதனங்களைக் காத்து ஒரு நூல் எழுதினார். அதற்கு மகிழ்ந்து 1521 அக்டோபரில் திருத்தந்தை பத்தாம் சிங்கராயர் அளித்த பட்டம் இது. பின்னர் நிகழ்ந்தவற்றை வாசகர் அறிவர். மணமுறிவு வழக்கால் மன்னர் உரோமையை விட்டுப் பிரிந்தார். உரோமை தான் அளித்த பட்டத்தைச் செல்லாததாக்கிற்று. மன்னரோ பட்டத்தை விட்டாரில்லை. 1544-இல் ஆங்கிலப் பாராளுமன்றம் அதையே அவருக்குச் சட்டப்படி உரியதாக்கியது. 1714-இல் அரியணை ஏறிய முதலாம் ஜார்ஜின் காலத்தில் அது காசிலும் இடம்பெற்றது. இன்று மூன்றாம் சார்லஸ் மன்னரின் முகம் பொறித்த புதுக் காசிலும் அந்த இரண்டெழுத்து இருக்கிறது. திருத்தந்தை ஒருவர் ஏழு திருவருட்சாதனங்களின் பொருட்டு ஈந்த பட்டம், அவற்றில் ஐந்தைத் திருவருட்சாதனங்களாக ஏற்காத ஒரு சபையின் தலைவரது நாணயத்தில் ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் நிற்கிறது! வெற்றிக் களிப்போடு இதைச் சொல்லவில்லை. வரலாறு இத்தகைய தழும்புகளைச் சிறு காசிலும் விட்டுச் செல்கிறது என்பதற்காகவே சொல்கிறேன்.

இவ்விரு சொற்களும் ஒருமுறை காசினின்று மறைந்தன. அக்கதை சுவையானது. 1849-இல் முதன்முறையாகப் பிளாரின் அடிக்கப்பட்டது. பவுண்டில் பத்தில் ஒரு பங்கு மதிப்புடைய அக்காசு, பதின்முறையை நோக்கி எடுத்துவைத்த முதல் அடியாகக் கருதப்பட்டது. அதில் 'விக்தோரியா ரெஜினா' என்றும் ஆண்டும் மட்டுமே இருந்தன. இறையருளும் இல்லை, விசுவாசக் காவலும் இல்லை. மக்கள் கொதித்தெழுந்து அதற்குக் 'கடவுளற்ற பிளாரின்' என்று பெயரிட்டனர். அப்பொழுது அரச தங்கசாலையின் தலைவராக விளங்கியவர் ரிச்சர்டு லேலர் ஷீல் என்ற அயர்லாந்துக் கத்தோலிக்கர். கத்தோலிக்கர்கள் பாராளுமன்றத்தில் அமரும் உரிமையை 1829-இல்தான் பெற்றிருந்தனர். அவ்வுரிமைக்காக வாதாடியவர்களுள் ஷீலும் ஒருவர். ஆகவே, அரசியாரை விசுவாசத்தின் காவலர் என அழைக்க மனமின்றி அவர்தாம் அச்சொற்களை வேண்டுமென்றே நீக்கினார் என்று சிலர் பழி சுமத்தினர். சிறுபான்மையினர் ஒருவர் பொறுப்பில் இருக்கும்போது நேரும் குறைக்கு அவருடைய சமயமே காரணம் என்று கைகாட்டும் பழக்கம் எந்த நாட்டுக்கும் புதிதன்று. 1851 முதல் அடிக்கப்பட்ட பிளாரினில் இரு பட்டங்களும் திரும்பி வந்தன. கோயில் கல்வெட்டைப் போன்ற பழைய எழுத்து வடிவும், உரோமை எண்ணில் அமைந்த ஆண்டும் கொண்ட அக்காசு, ஆங்கிலக் காசுகளுள் மிக அழகிய ஒன்று என்பது என் எண்ணம்.

நம் நாட்டைச் சார்ந்த செய்தியும் ஒன்று உண்டு. விக்டோரியா அரசியார் இந்தியாவின் பேரரசி என்ற பட்டத்தை 1876-இல் பெற்றார்; 1893 முதல் அப்பட்டம் 'இண்ட். இம்ப்.' என்ற குறுக்கத்தோடு ஆங்கிலக் காசுகளில் ஏறியது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1948-ஆம் ஆண்டுப் பென்னி ஒன்றையும், 1949-ஆம் ஆண்டுப் பென்னி ஒன்றையும் பிள்ளையின் உள்ளங்கையில் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னதில் 'இண்ட். இம்ப்.' இருக்கிறது, பின்னதில் இல்லை. இந்தியா விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்ப, அதுவரை 'எஃப்.டி.' என்று குறுகியிருந்த பட்டத்தைச் சற்றே விரித்து 'ஃபிதெயி தெஃப்.' எனப் பொறித்துவிட்டனர். நம் விடுதலையைச் செப்புக் காசில் விரலால் தொட்டுக் காட்ட இதனினும் எளிய வழி எனக்குத் தெரியவில்லை. இவ்விரண்டும் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. எளிய விலைக்கே கிடைக்கும். புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் பிள்ளைக்கு இந்த இணையையே நான் பரிந்துரைப்பேன்.

இன்னும் பழைய காலத்துக்குப் போனால், காசின் பூப்பக்கத்தில் சிலுவையே இருந்தது. அன்று அரைக்காசு, கால்காசு வேண்டியவர் வெள்ளிப் பென்னியைச் சிலுவைக் கோட்டின் வழியே இரண்டாகவோ நான்காகவோ வெட்டிக்கொண்டனர். நான்கில் ஒன்று என்பதிலிருந்தே பார்த்திங் என்ற பெயர் பிறந்தது. ஆயினும் வேறொரு வெட்டும் நடந்தது. கள்ளர் காசின் விளிம்பைச் சிறிது சிறிதாகச் சீவி, வெள்ளியைத் தமக்கு வைத்துக்கொண்டு, இளைத்த காசை முழு மதிப்புக்குச் செலவிட்டனர். இதைத் தடுக்கவே 1247-இல் மூன்றாம் ஹென்றி மன்னர், சிலுவையின் கைகள் விளிம்பளவும் நீண்ட புதுக் காசை வெளியிட்டார். விளிம்பைச் சீவினால் சிலுவை குறைபட்டு நிற்கும், களவு வெளிப்படும். நம் தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல் வழங்குவதன் பொருத்தத்தை இக்காசு விளங்கக் காட்டுகிறது.

புனித வியாழனன்று இங்கிலாந்து மன்னர் முதியோர்க்கு வழங்கும் சிறு வெள்ளிக் காசுகளைப் பற்றியும் சுருங்கச் சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு பென்சு மதிப்பில் அவை இன்றும் அடிக்கப்படுகின்றன. மன்னருக்கு எத்தனை வயதோ அத்தனை ஆண்களுக்கும் அத்தனை பெண்களுக்கும் அவை கிடைக்கும். 2023-இல் யார்க் பேராலயத்தில் 74 ஆண்களும் 74 பெண்களும் பெற்றனர். முற்காலத்தில் மன்னர் ஏழைகளின் பாதங்களையும் கழுவினார். அச்சடங்கு பதினெட்டாம் நூற்றாண்டில் அறவே மறைந்தது. கழுவுவது நின்றது, காசு நின்றது.

இனி, துலக்கல் பற்றிய செய்தி. பங்கு ஒன்றில் கைம்பெண் ஒருவரை எனக்குத் தெரியும். கப்பலில் வேலை பார்த்த மாமனார் விட்டுச்சென்ற தகர டப்பாவில் சில ஆங்கில வெள்ளிக் காசுகள் அவரிடம் இருந்தன. விக்டோரியா அரசியாரின் பொன்விழா ஆண்டான 1887-ஆம் ஆண்டுக் கிரவுன்களும் அவற்றுள் இருந்தன. மகளின் செவிலியர் படிப்புக்குக் கட்டணம் செலுத்த அவற்றை விற்க எண்ணினார். கறுத்த முகத்தோடு போக வேண்டாமென்று இரண்டு நாள் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்து, கண்ணைப் பறிக்கும் வெண்மையோடு எடுத்துச் சென்றார். வியாபாரி நாணயமானவர். காசுகளை ஒவ்வொன்றாக விளிம்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, கறுப்பாகவே கொண்டுவந்திருந்தால் இதைப்போல இரு மடங்குக்கு மேல் தந்திருப்பேன், இப்பொழுது வெள்ளியின் எடைக்குத்தான் தர முடியும்" என்றாராம். அந்த மகளின் கட்டணத்தில் குறைந்த தொகையைப் பங்கு மக்கள் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இதன் காரணத்தைக் கூறுகிறேன். பித்தளைக் குடத்தைத் துலக்குவது அதன் அழுக்கைப் போக்க. காசின் மீதுள்ள கருமையோ அழுக்கன்று. வெள்ளியும் செம்பும் காற்றோடு கலந்து பல ஆண்டுகளில் தம்மேல் போர்த்திக்கொண்ட மெல்லிய தோல் அது. அடியிலுள்ள உலோகத்தைக் காப்பதும் அதுவே. புளியும் எலுமிச்சையும் அத்தோலை அரித்துவிடும். சாம்பலும் பற்பொடியும் மெருகுப் பசையும் உலோகத்தையே தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறல்களை விட்டுச் செல்லும். அரசரின் முடியிழையும், தங்கசாலையின் முதல் ஒளியும் அத்தேய்ப்பில் போய்விடும். போனதை எந்த ஆசாரியாலும் மீட்டுத் தர இயலாது. தங்கச் சவரனைக் காசுமாலைக்காக வளையம் பற்றவைத்தாலும் இதே கதைதான். அதன்பின் அது நகையே. சேகரிப்போர் அதைத் தங்க விலைக்கே எடுப்பர். 1918-ஆம் ஆண்டுச் சவரன் உங்கள் இல்லத்தில் இருந்தால், குதிரைமேல் அமர்ந்து பறவை நாகத்தை வீழ்த்தும் புனித ஜார்ஜியாரின் கீழே, ஆண்டெண்ணை அடுத்த தரைப்பகுதியை ஒரு பூதக் கண்ணாடியால் நோக்குங்கள். 'ஐ' என்ற சிற்றெழுத்து காணப்பட்டால் அது பம்பாயில் பிறந்தது. ஆங்கிலேயர் காலத்தில் அந்த ஓராண்டு மட்டுமே அங்கே சவரன் அடித்தனர்.

காசில் மண் ஒட்டியிருந்தால் என்ன செய்வது? வடித்தெடுத்த தூய நீரில் ஊற வைத்து, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கலாகாது. பிசுக்கு ஏறியிருந்தால் தூய அசிட்டோன் பயன்படும். ஆனால் அது சட்டெனத் தீப்பற்றும். ஆகவே பெரியவர் கையால், காற்றோட்டமான இடத்தில், கண்ணாடிக் கிண்ணத்தில் மட்டுமே அதைக் கையாள வேண்டும். செப்புக் காசில் இளம்பச்சை நிறத்தில் மாவுபோல் களிம்பு பூத்துவந்தால் அது நோய் என்று கொள்க. அக்காசை மற்றவற்றினின்று உடனே பிரித்து, பழகியவரிடம் காட்டுங்கள்.

காசை எப்பொழுதும் விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். விரலின் வியர்வை முகப்பில் படிந்தால், நாளடைவில் விரல் ரேகையே காசில் பதிந்து நிலைத்துவிடும். மேசைமேல் மடித்த துணி விரித்து அதன்மேல் பார்ப்பது நல்லது. கைதவறினும் விளிம்பு நசுங்காது. காசின்மேல் குனிந்து பேசவும் கூடாது. தெறிக்கும் எச்சில் கரும்புள்ளியாகிவிடும். (பேசாமல் சற்று நேரம் இருக்கப் பிள்ளைகளைப் பழக்கும் வேறு பொழுதுபோக்கு இந்நாளில் உண்டோ?)

வைக்கும் இடமும் முதன்மையானது. கடைகளில் கிடைக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகள் காலப்போக்கில் ஒருவகைப் பசையைக் கசியவிட்டுக் காசைப் பச்சையாக்கும். ரப்பர் வளையமும், ரப்பர் கலந்த பொருளும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். செய்தித்தாளில் பொதிவதும், ஒட்டுநாடாவால் அட்டையில் ஒட்டுவதும் ஆகா. அமிலமற்ற தாளால் செய்த சிற்றுறைகளே நம்மவர்க்கு எளிதும் மலிவும் ஆனவை. உறைக்கு ஒரு காசு. பழைய ஆங்கிலச் சேகரிப்பாளர்கள் மகோகனி மரத்தில் வட்டக் குழிகள் குடைந்த இழுப்பறைகளைச் செய்துகொண்டனர். அவர்கள் நாட்டு ஓக் மரத்தைத் தவிர்த்தனர். அதன் ஆவியில் அமிலம் உண்டு. கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் பெரும் பகைவர்கள். மருந்துப் புட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலங்களைச் சேர்த்துப் பெட்டியில் இட்டு, மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றி வாருங்கள்.

விற்பனை பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. வெள்ளிக் காசுக்கு ஆண்டைப் பாருங்கள்: 1919 வரையில் 92.5 விழுக்காடு வெள்ளி. 1920 முதல் 1946 வரையில் பாதியே வெள்ளி. 1947 முதல், அந்தப் புனித வியாழன் காசுகள் நீங்கலாக, வெள்ளி அறவே இல்லை. போரின்போது அமெரிக்காவிடம் கடன்பெற்ற வெள்ளியைத் திருப்பித் தருவதற்காக இங்கிலாந்து தன் காசிலிருந்த வெள்ளியை எடுத்துக்கொண்டது. தேய்ந்த சாதாரணப் பென்னிக்குச் சில ரூபாய்களே கிட்டும். "பழைய காசு இருக்கிறதா? இலட்சங்கள் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று கைப்பேசியில் வரும் அழைப்புகள் வஞ்சகம். தன் பெயரைச் சொல்லி இவ்வாறு கட்டணம் கேட்போரை நம்ப வேண்டாமென இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. நூறாண்டைக் கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொன்மைப் பொருள். உரிய அனுமதியின்றி அதை அயல்நாட்டுக்கு அனுப்பவும் கூடாது.

பேராசை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு 1933-ஆம் ஆண்டுப் பென்னியே சான்று. அவ்வாண்டு புழக்கத்தில் போதிய பென்னிகள் இருந்தமையால் புதிதாக அடிக்கவில்லை. புதுக் கட்டடங்களின் அடிக்கல்லில் அவ்வாண்டுக் காசை இடும் வழக்கம் கருதிச் சிலவற்றை மட்டுமே அடித்தனர். ஏழு அளவிலேயே இன்று அறியப்படுகின்றன. லீட்ஸ் நகரின் மிடில்ட்டன் பகுதியிலுள்ள ஆங்கிலிக்கன் ஆலயத்தின் மூலைக்கல்லின்கீழ் அவற்றுள் ஒன்று இருந்தது. 1970-இல் திருடர்கள் கல்லைப் பெயர்த்து அதை எடுத்துச் சென்றனர். அதே நகரில் வேறோர் ஆலயத்தின்கீழ் இருந்ததும் களவு போகும் என்றஞ்சிய ஆயர், தாமே அதை எடுப்பித்து விற்கச் செய்தார். ஒரு பென்னிக்காக ஆலயத்தின் அடிக்கல்லையே பெயர்த்திருக்கிறார்கள்! உங்கள் மகனின் நாட்டம் காசின் எழுத்திலா, விலையிலா என்பதை அவன் முதலில் எதைச் சொல்கிறான் என்று கேட்டே அறிந்துகொள்ளலாம், அம்மா. விலையையே ஓயாமல் பேசினால் அப்பொழுது எனக்கு மீண்டும் எழுதுங்கள்.

ஒரு குறிப்பேடும் வேண்டும். எந்தக் காசு, எந்த ஆண்டு, யாரிடமிருந்து வந்தது, என்ன கொடுத்தோம் என்பவற்றை அதில் எழுதி, காசைத் துலக்கலாகாது என்பதை முதற் பக்கத்திலேயே குறித்துவைத்தால் பின்வரும் மருமகளும் அறிவார். உறையின்மேல் எழுதும்போது மையைத் தவிர்த்துப் பென்சிலால் எழுதுக. காசை உள்ளே இடுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். இட்டபின் எழுதினால் பென்சிலின் அழுத்தம் காசின் முகத்தில் பதியும்.